கை வைக்கக் கூடாத முதுகுகள்: கைரோபிராக்டர்களின் தொடர்கல்வியும் வன்னி அனுபவங்களும்

விசுவமடுவில் பிறந்து, இங்கிலாந்தில் கைரோபிராக்டராகப் பணிபுரியும் உறுப்பினர்

முள்ளந்தண்டையும் மூட்டுகளையும் கையால் அழுத்தி வலிக்குச் சிகிச்சை தரும் கைரோபிராக்டிக் என் தொழில். இங்கிலாந்தில் அதை 1994 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த பொதுக் கைரோபிராக்டிக் பேரவை ஒழுங்குபடுத்துகிறது. அதன் பதிவேட்டில் பெயர் இல்லாத எவரும் தம்மைக் கைரோபிராக்டர் என்று சொல்லிக்கொள்ள முடியாது. பட்டம் பெற்றதோடு படிப்பும் முடிந்துவிடுவதில்லை. ஒவ்வோர் ஆண்டும் குறைந்தது 30 மணிநேரம் தொடர்கல்வியில் செலவிட வேண்டும். அதில் 15 மணிநேரமாவது பிறரோடு சேர்ந்து கற்றதாக இருக்க வேண்டும். கற்றதனால் என் வேலையில் என்ன மாறியது என்பதையும் எழுதிப் பதிய வேண்டும். முதல் சில ஆண்டுகளில் அந்த மணிக்கணக்கை நிரப்புவதே என் நோக்கமாக இருந்தது. புதிய கைநுட்பம் சொல்லித்தரும் வகுப்பென்றால் முன்வரிசையில் இருப்பேன். எந்த முதுகில் கை வைக்கக் கூடாது என்று பேசும் வகுப்புகளைக் கடமைக்காகவே கேட்டேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், காலபோக அறுவடை நேரத்தில் அம்மாவைப் பார்க்க ஊருக்கு வந்திருந்தேன். ஒரு பின்னேரம், நான் சிறுவயதிலிருந்து மாமா என்று அழைக்கும் அயலவர் ஒருவரை அவருடைய மகன் தாங்கிப் பிடித்து எங்கள் விறாந்தைக்குக் கொண்டுவந்தார். லாண்ட்மாஸ்டர் என்ற இருசக்கர உழவு இயந்திரத்தில் நாட்கணக்காகக் குலுங்கியதோடு நெல் மூடைகளும் தூக்கியிருக்கிறார். "தம்பி, நாரி பிடிச்சுப்போட்டுது. நீ இதுக்குத்தானே அங்க படிச்சனீ, ஒருக்கா நெட்டி முறிச்சு விடப்பு" என்றார்.

என்னுடைய பதிவு பிரித்தானியாவுக்கு உரியது. இங்கே சிகிச்சை செய்யும் உரிமை எனக்கு இல்லை. ஆனாலும் சுற்றி நின்றவர்கள் அத்தனை பேரும் என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தபோது, ஒரு தடவை செய்துவிடலாம் என்ற எண்ணம் எனக்கு வந்தது உண்மை. அதைத் தடுத்தது, அதற்கு முந்திய ஆண்டில் சக தொழிலாளர் ஆறேழு பேரோடு உட்கார்ந்து நோயாளர் கதைகளை ஒவ்வொன்றாக அலசிய ஒரு தொடர்கல்வி அமர்வு. முள்ளந்தண்டின் அடிப்பகுதியில் குதிரைவால் போலக் கற்றையாக இறங்கும் நரம்புகள் நசுங்கினால், அந்த மனிதருக்கு வேண்டியது அவசரச் சத்திரசிகிச்சையே. தாமதித்தால் சிறுநீரையும் மலத்தையும் அடக்கும் ஆற்றல் நிரந்தரமாகப் போய்விடலாம். நோயாளி இதைத் தானாகச் சொல்லமாட்டார், வெட்கப்படுவார், ஆகவே நாமே வாய்திறந்து கேட்க வேண்டும் என்று அந்த அமர்வை நடத்தியவர் திரும்பத் திரும்பச் சொன்னார்.

கேட்க முயன்றபோதுதான், அந்தக் கேள்விகள் எல்லாம் என்னிடம் ஆங்கிலத்தில் மட்டுமே இருக்கின்றன என்பது தெரிந்தது. மனைவியும் மகனும் அருகில் நிற்க, என்னைத் தோளில் தூக்கித் திரிந்த ஒருவரிடம், மறைவிடம் மரத்துப்போயிருக்கிறதா என்று தமிழில் எப்படிக் கேட்பது? மற்றவர்களை உள்ளே போகச் சொல்லிவிட்டு, "மாமா, சைக்கிள் சீற்றில் குந்தினால் படுகிற இடம் இருக்கிறதே, அங்கே தொட்டால் தெரிகிறதா?" என்று கேட்டேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, காலையிலிருந்து அங்கே ஒன்றும் தெரியவில்லை என்றார். சலம் முட்டிக்கொண்டு நிற்கிறது, ஆனால் போகவில்லை என்றார். இரண்டு கால்களும் சோர்ந்திருந்தன.

உடனே வான் பிடித்துக் கிளிநொச்சி வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்து அன்றிரவே ஏ9 வீதியால் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள், சத்திரசிகிச்சை நடந்தது. இப்போது மாமா வயலுக்குப் போகிறார். ஒரு காலில் முழுப் பலம் வரவில்லை, ஆனால் சலப்பிரச்சினை இல்லை. நான் அன்று அவரைக் குப்புறப் படுக்கவைத்து முதுகை அழுத்தியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை இன்றும் என்னால் நிம்மதியாக நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அந்த ஆண்டின் தொடர்கல்விப் பதிவில் நான் எழுதியது இந்த ஒரு விடயம்தான். அதன்பிறகு, நுட்ப வகுப்புகளைக் குறைத்து, அபாய அறிகுறிகள் பற்றிய அமர்வுகளையும், வலியோடு உடலை இயக்கப் பழக்கும் பயிற்சி முறைகளையும் கூடுதலாகத் தேடிப் போகிறேன். நாரி வலிக்குக் கைச்சிகிச்சை தருவதாயின் உடற்பயிற்சியோடு சேர்த்தே தர வேண்டும் என்று இங்கிலாந்தின் தேசிய மருத்துவ வழிகாட்டி 2016 இலேயே கூறியிருந்தது; அதை நான் வாசித்திருந்தும் மனதில் ஏற்றியிருக்கவில்லை.

முல்லைத்தீவு மாவட்டத்தில் பணிபுரியும் இயன்மருத்துவர்

அண்ணா எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். எங்கள் பகுதியில் முதுகு வலியோடு வருபவரிடம் நான் முதலில் கேட்பது, "உடம்பில் செல் துண்டு ஏதாவது இருக்கிறதா?" என்பதே. 2009 போரில் செல், அதாவது எறிகணை, வெடித்துக் காயப்பட்ட பலர் உள்ளே கிடக்கும் துண்டை ஒரு நோயாகவே எண்ணுவதில்லை. கேட்டால்தான், "ஓம், ஒன்று உள்ளே கிடக்குது" என்று சாதாரணமாகச் சொல்வார்கள். செல் துண்டு பெரும்பாலும் உருக்கு. முதுகின் உள்ளே படம்பிடிக்கும் எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் காந்தப்புலத்தில் அது அசையலாம், சூடேறலாம். முள்ளந்தண்டுக்கோ கண்ணுக்கோ அருகில் இருந்தால் ஆபத்து மிகப் பெரியது. ஆகவே முதலில் எக்ஸ்ரே எடுத்து, துண்டு எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து வந்து எங்களுக்கு வகுப்பெடுத்த ஒருவர், நல்ல மனதோடும் நிறைந்த அறிவோடும்தான் பேசினார்; ஆனால் அவருடைய கேள்விப் பட்டியலில் இது இருக்கவில்லை. நான் எழுந்து சொன்னபோது, அவர் பேச்சை நிறுத்திவிட்டு அதைக் குறித்துக்கொண்டார். அன்றைய வகுப்பில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த நிமிடம். இங்கு வந்து கற்பிக்க விரும்பும் அண்ணாமாரும் அக்காமாரும், தயவுசெய்து முதல் நாளை எங்களைக் கேட்பதற்கு ஒதுக்குங்கள்.

நெடுங்கேணியிலிருந்து ஒரு உறுப்பினர்

நான் வைத்தியத் துறையைச் சேர்ந்தவன் அல்லன். என் அப்பப்பா முறிவு நெரிவு வைத்தியம் செய்தவர். எண்ணெயும் பூசும் பத்தும் கட்டுமாக எங்கள் வீட்டுத் திண்ணை எப்போதும் நிறைந்திருக்கும். ஒருநாள், பனையிலிருந்து விழுந்த ஒருவரைச் சாக்குக் கட்டிலில் தூக்கிவந்தார்கள். அப்பப்பா அவருடைய உள்ளங்காலை ஈர்க்கினால் கீறிப் பார்த்தார், கால் அசையவில்லை. எண்ணெயைத் தொடவே இல்லை. கதவு ஒன்றைக் கழற்றுவித்து, நான்கு பேரைக் கொண்டு உடல் வளையாமல் அதில் ஏற்றி, பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார். "இது என்ர கைக்கு உரியதில்லை" என்று மட்டும் சொன்னார். அதை அவர் யாரிடம் கற்றார் என்று நான் கேட்டு வைக்கவில்லை. அவர் எதையும் எழுதியும் வைக்கவில்லை.

முதலில் எழுதிய உறுப்பினர்

இயன்மருத்துவரான தங்கை சொன்ன செல் துண்டுக் கேள்வியை என் பட்டியலின் முதல் வரியில் எழுதிவிட்டேன். என் சிகிச்சை அறைக்கு வரும் தமிழ் முதியவர்களில் பலர் வன்னியிலிருந்து வந்தவர்கள். இத்தனை ஆண்டுகளில் அவர்களில் ஒருவரிடமும் நான் இதைக் கேட்டதில்லை. சலம், மலம், மரத்துப்போதல் பற்றிய கேள்விகளை ஊர்ச் சொற்களில் எழுதத் தொடங்கியிருக்கிறேன். ஆண்கள் சொல்வதும் பெண்கள் சொல்வதும் வேறுபடும் என்பதால், பெண்களிடம் எந்தச் சொல்லால் கேட்பது பொருத்தம் என்பதைத் தங்கை திருத்தித் தர வேண்டும்.