இருட்டில் துப்பாக்கி ஸ்கோப் முழுக்கச் சிவப்பாகத் தெரிகிறது, ஸ்கோப்பை மாற்ற வேண்டுமா?

சோளக்கொல்லை:
வணக்கம். ஜெர்மனியில் ஐஃபெல் மலைப்பக்கம் இருக்கிறேன், வயது 47. வேட்டை உரிமம் வாங்கி இது இரண்டாவது வருடம். மக்காச்சோளத்தில் காட்டுப்பன்றி இறங்கி நாசம் செய்கிறது என்று விவசாயி கூப்பிட்டதால் வயலோரப் பரணில் உட்காருகிறேன்.

என் துப்பாக்கியில் இருப்பது 3-12×50 (3 முதல் 12 மடங்கு பெருக்கம், 50 மி.மீ. முன்கண்ணாடி), நடுவில் சிவப்புப் புள்ளி ஒளிரும் ஸ்கோப், அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கி. போன சனிக்கிழமை இரவு ஒன்பதே காலுக்கு, அரை நிலா வெளிச்சத்தில், எழுபது மீட்டரில் மூன்று பன்றிகள் வெளியே வந்தன. வெறும் கண்ணுக்குக் கறுப்பாகத் தெரிந்தன. ஸ்கோப்பை 12-இல் வைத்துப் பார்த்தால் ஒரே சிவப்பு மூட்டம், பன்றியைக் காணோம். புள்ளியை அணைத்தால் குறிபார்க்கும் குறுக்குக் கோடே தெரியவில்லை. சுடாமல் இறங்கிவிட்டேன். இன்னும் பிரகாசமான விளக்கு உள்ளதாக வாங்கவா?

பரண்வாசி:
சுடாமல் இறங்கியது நல்ல முடிவு. பிரகாசமான விளக்கு மட்டும் வேண்டாம். விளக்கு பன்றியைக் காட்டாது, கோடு எங்கே நிற்கிறது என்பதை மட்டும்தான் காட்டும். பன்றியைக் காட்ட வேண்டியது கண்ணாடி.

முதலில் 12-ஐ விடுங்கள். முன்கண்ணாடியின் விட்டத்தைப் பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வந்துசேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 50-ஐ 12-ஆல் வகுத்தால் 4.2 மி.மீ. தான். 8-க்கு இறக்கினால் 6.25. இளவயதில் கண்மணி இருட்டில் 7 மி.மீ. வரை விரியும், ஐம்பதை நெருங்கும்போது பலருக்கு 5 மி.மீ. அளவில் நின்றுவிடும். அதனால் உங்களுக்கு 8 முதல் 10 வரை போதும். ஜெர்மன்காரர்கள் தலைமுறையாக 8×56-ஐக் கட்டிக்கொண்டு அழுவதற்குக் காரணம் 56-ஐ 8-ஆல் வகுத்தால் வரும் இந்த 7 மி.மீ. கணக்குதான்.

அப்புறம், பரணில் உட்கார்ந்து போன் பார்த்தீர்களா? கண் இருட்டுக்குப் பழக இருபது, முப்பது நிமிடம் ஆகும். ஒருமுறை திரையைப் பார்த்தால் அத்தனையும் போச்சு.

சோளக்கொல்லை:
போன் பார்த்தேன், உண்மைதான். ஆனால் புள்ளியைக் கடைசிப் படிக்குக் குறைத்தும் மூட்டம் போகவில்லையே?

கருங்காடு:
அப்படியென்றால் கோளாறு ஸ்கோப்பில்தான் இருக்கும். ஒரு சோதனை செய்யுங்கள். துப்பாக்கியிலிருந்து ஸ்கோப்பைக் கழற்றி, விளக்கணைத்த அறையில் கால் மணி நேரம் இருந்துவிட்டு, புள்ளியை ஆகக் குறைந்த படியில் வைத்துக் கறுப்புத் துணியைப் பாருங்கள். ஊசிமுனைபோல் புள்ளி மட்டும் தெரிந்தால் நல்லது. குழாயின் உட்சுவர் சிவந்து தெரிந்தாலோ, புள்ளியைச் சுற்றி வட்டமாகக் கசிந்தாலோ அதைச் சரிசெய்ய முடியாது. பகல் வெயிலுக்கு என்று செய்த பல ஸ்கோப்புகளில் கடைசிப் படியே இரவுக்கு அதிகம்.

வாங்கும்போது பகலில் கடை வாசலில் பார்த்து ஏமாறாதீர்கள். அந்தி சாய்ந்தபின் பார்க்க விடுகிற கடைக்குப் போங்கள். இரவுக்குத் தனிப் படிகள் இருக்கவேண்டும். கோடு 4-ஆம் எண் வகையாக இருந்தால், மூன்று பக்கமும் தடித்த கட்டைகள் இருப்பதால் விளக்கே இல்லாமலும் நடு எங்கே என்று பிடிபடும். உங்கள் ஸ்கோப்பில் கோடு மயிரிழையாக இருந்ததால்தான் விளக்கு அணைந்ததும் தொலைந்தது. பெரிய பட்ஜெட் இல்லையென்றால் பழைய 8×56 ஒன்று, தடித்த கோட்டோடு, விளக்கில்லாமலே போதும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். கோடு ஒளிர்வதற்குத் தடையில்லை. விலங்கின் மேல் வெளிச்சம் அடிப்பது வேறு விஷயம், அதற்கு மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். மான் என்றால் சூரியன் மறைந்து ஒன்றரை மணி நேரத்தோடு நிறுத்த வேண்டும், காட்டுப்பன்றிக்குத்தான் இரவிலும் அனுமதி.

பரண்வாசி:
இன்னொன்று. என்ன விலங்கு என்று பார்க்க ஸ்கோப்பைத் தூக்காதீர்கள், பைனாகுலர்தான் அதற்கு. குட்டிகளை வளர்க்கும் தாய்ப்பன்றியைச் சுடக்கூடாது. அந்த நிச்சயம் பைனாகுலரில் வராவிட்டால் துப்பாக்கியைத் தொடவே வேண்டாம்.

சோளக்கொல்லை:
சோதித்தேன். குழாய் முழுக்கச் சிவப்பு. பழைய 8×56 ஒன்று வாங்கி, நூறு மீட்டரில் சரிபார்த்துவிட்டு நேற்று உட்கார்ந்தேன். போன் பைக்குள். ஒன்பதரைக்கு ஒரு பெரிய பன்றி வந்தது. பைனாகுலரில் பார்த்தால், அதன் வயிற்றுக்கடியில் முழங்கால் உயரத்துக்கு நான்கு குட்டிகள். அவை சோளத்துக்குள் திரும்பும் வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். வியாழக்கிழமை மறுபடி போகிறேன்.