குஸ்துல் தூபக்கலம்: அந்தக் கிரீடம் யாருடையது?

நைல்மகன்:
"முதல் பாரோக்கள் நூபியர்களே, நிரூபணமாகிவிட்டது" என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். படித்ததும் பொறுக்கவில்லை. ஆதாரம் ஒரே ஒரு தூபக்கலம்! பழைய எகிப்துக்குத் தெற்கே இருந்த நூபியாவில், குஸ்துல் இடுகாட்டின் எல்24 கல்லறையில் கிடைத்தது. அஸ்வான் அணை நீர் ஏறுவதற்குள் 1960களில் சிகாகோ பல்கலைக்கழகக் குழு அவசரமாகத் தோண்டிய இடம் அது.

கூடல்வாசி:
எழுதியது நான்தான். பெயரைச் சொல்லியே திட்டலாம். கலத்தைச் சுற்றிப் படகுகள், அரண்மனை முகப்பு, ஒரு படகில் எகிப்திய மன்னர்கள் அணியும் வெள்ளைக் கிரீடம், பக்கத்தில் வல்லூறு. இது அரசச் சின்னம் இல்லையா? எகிப்தின் முதல் வம்சத்துக்கு முந்தையது என்று தொல்லியலாளர் புரூஸ் வில்லியம்ஸ் 1980இலேயே எழுதிவிட்டார்.

நைல்மகன்:
அந்தப் படகில் உட்கார்ந்திருப்பவரின் உருவத்தில் பெரும்பகுதி உடைந்து போயிருக்கிறது. மிச்சக் கோடுகளை வைத்து ராஜவம்சமே கட்டுகிறீர்கள்.

பொற்கிளி:
'பாரோ' என்று எதைச் சொல்கிறீர்கள், இரண்டு பேரும்?

கூடல்வாசி:
கிரீடம் தெரிகிறதா, இல்லையா? அதற்குப் பதில் சொல்லுங்கள். மெரோவே பிரமிடு விவாதத்திலும் இப்படித்தான் நழுவினீர்கள், நான் மறக்கவில்லை.

நைல்மகன்:
தெரிவதாகவே வைத்துக்கொள்வோம். கலம் வடக்கே எகிப்திலிருந்து வந்ததாக இருக்கக்கூடாதா? இன்னொரு ஆய்வாளர் வில்லியம் ஆடம்ஸ் 1985இல் வில்லியம்ஸை மறுத்து எழுதியிருக்கிறார். 1988இல் எகிப்தின் அபைடோஸில், முதல் வம்சத்துக்கும் முந்தைய ஆட்சியாளர் ஒருவரின் யூ-ஜே கல்லறை கிடைத்த பிறகு 'நூபியாவில்தான் முதல்' என்ற பேச்சு எடுபடவே இல்லை.

செம்மண்:
அது 'நுபியா', குறில்.

நைல்மகன்:
நெடில்தான். இருபது வருடமாக அப்படித்தான் எழுதுகிறேன்.

மலைச்சாரல்:
ஐயா, கல்லறைகளையும் பாருங்கள். எல்24 இருந்த அந்த எல் இடுகாட்டில் நீண்ட பள்ளம் வெட்டி, பக்கத்தில் அறை குடைந்திருக்கிறார்கள். அந்தக் காலத்து நூபியக் கல்லறைகளில் இவ்வளவு பெரியவை அரிது. மாடுகளைத் தனியாகப் புதைத்திருக்கிறார்கள். கொள்ளை போன பிறகும் எகிப்தியப் பானைகள் மிஞ்சின. செல்வாக்கான தலைவர்கள் அங்கே இருந்தார்கள் என்பதில் என்ன சந்தேகம்?

கூடல்வாசி:
அதைத்தானே சொல்கிறேன். கிரீடம்!

நைல்மகன்:
தலைவர் இருந்தார் என்பது வேறு, எகிப்துக்கே அரசைக் கற்றுக்கொடுத்தார் என்பது வேறு. இடுகாடு இன்று அணை நீர் தேங்கிய நாசர் ஏரிக்கு அடியில் கிடக்கிறது, மறுபடி தோண்டவும் வழியில்லை. அந்த உடைந்த இடத்தைப் பெரிதாக்கிய படத்தை இன்று இரவு போடுகிறேன். தலைக்குமேல் கோடு எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

கூடல்வாசி:
போடுங்கள். கிரீடம் அங்கேயேதான் இருக்கும்.

செம்மண்:
'நுபியா' என்று தலைப்பிட்டுப் போடுங்கள்.