எட்டு கிலோமீட்டர் நடக்காதவன் சோம்பேறியா?

பி.டி. மாஸ்டர் (ஓய்வு):
நேத்து இந்தத் தளத்துல இன்னொரு விவாதத் திரியில அடையாறு வாக்கர்ங்கறவர் எழுதினத படிச்சதுல இருந்து எரியுது. "38 மாவட்டத்துலயும் அரசாங்கம் எட்டு கிலோமீட்டர் நடைபாதை குடுத்தாச்சு, இதுக்கப்புறமும் சுகர் வந்தா அது அவனவன் சோம்பேறித்தனம்"னு எழுதியிருக்கார். அந்தப் பாதைக்கான நடப்போம் நலம் பெறுவோம் திட்டத்த 2023 நவம்பர் 4ல ஆரம்பிச்சப்ப நானும் சந்தோஷப்பட்டவன்தான், நல்ல திட்டம், அதுல சண்டை இல்ல. என் கேள்வி ஒண்ணே ஒண்ணு. எதுக்கு எட்டு? மணிக்கு அஞ்சு கிலோமீட்டர் வேகத்துல நடந்தாக்கூட ஒன்றரை மணி நேரத்துக்கு மேல ஆகும். காலையில ஆறரை பஸ்ஸ பிடிச்சு மில்லுக்குப் போறவன் எப்ப நடப்பான்? அவன் சோம்பேறியா?

அடையாறு வாக்கர்:
மாஸ்டர் சார், என் பேர இழுத்ததால வந்தேன். எட்டு கிலோமீட்டர்ங்கறது வாய்க்கு வந்த நம்பர் இல்ல. அப்ப சுகாதாரத்துறை அமைச்சரா இருந்த மா. சுப்பிரமணியன் டோக்கியோ போனப்ப அங்க இருந்த எட்டு கிலோமீட்டர் பாதைய பாத்துட்டு வந்து கொண்டு வந்த திட்டம். எட்டு கிலோமீட்டர்னா பத்தாயிரம் அடி. உலகமே பத்தாயிரம் அடின்னு சொல்லுது, நீங்க மட்டும் எதுக்கு எட்டுன்னு கேக்கறீங்க. நடக்க மனசு இல்லாதவங்களுக்கு ஆயிரம் காரணம் கிடைக்கும் சார்.

பி.டி. மாஸ்டர் (ஓய்வு):
பத்தாயிரம் அடி எட்டு கிலோமீட்டர் ஆகணும்னா ஒவ்வொரு அடியும் 80 சென்டிமீட்டர் விழணும். ஆறடி ஆம்பளைக்கு விழும். அஞ்சடி இருக்கற நம்ம வீட்டுப் பொம்பளைங்களுக்கு 60, 62 வந்தாலே பெருசு, அவங்க பத்தாயிரம் அடி வச்சா ஆறு கிலோமீட்டர் சொச்சம்தான் வரும். பசங்களுக்கு சுண்ணாம்புக் கோடு போட்டு அளந்து குடுத்தவன் நான், என்கிட்டயே கணக்கா?

டோக்கியோ தமிழன்:
ரெண்டு பேரும் கொஞ்சம் இருங்க. அந்தப் பத்தாயிரமே டாக்டர் யாரும் ஆராய்ச்சி பண்ணி சொன்னது இல்ல. 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிஞ்சு ஊரே உடற்பயிற்சின்னு அலைஞ்ச நேரத்துல, 1965ல ஒரு கம்பெனி இடுப்புல மாட்டுற அடி எண்ணுற கருவிய விக்கறதுக்காக வச்ச நம்பர். அத வேதவாக்கா பிடிச்சுக்கிட்டு இப்படி அடிச்சுக்கறீங்களே.

பி.டி. மாஸ்டர் (ஓய்வு):
பாத்தீங்களா! ஜப்பான்ல இருக்கறவரே சொல்லிட்டார். 2019ல அமெரிக்காவுல வயசான பெண்கள வச்சு ஒரு ஆய்வு வந்துச்சு, சராசரி வயசு 72. தினம் 2,700 அடி நடந்தவங்களோட ஒப்பிட்டா 4,400 அடி நடந்தவங்ககிட்ட சாவு விகிதம் 41 சதவீதம் குறைவு, 7,500க்கு மேல போனா பெருசா கூடுதல் பலன் தெரியல. அப்ப எட்டு எங்க இருந்து வந்துச்சு?

அடையாறு வாக்கர்:
நான் ஜப்பான்காரர்கிட்ட கேக்கல. அப்புறம் அது கெழவிங்கள வச்சு பண்ணின ஆய்வு சார். முப்பது வயசுக்காரனுக்கு எட்டு கம்மி. சென்னையில அடையாறு முத்துலட்சுமி பூங்கால இருந்து பெசன்ட் நகர் வரைக்கும் ஒரு நாள் வந்து பாருங்க, எழுபது வயசுக்காரங்க எட்டையும் முடிச்சுட்டு சிரிச்சுக்கிட்டே போறாங்க. மாசம் முதல் ஞாயித்துக்கிழமை அங்கயே பி.பி., சுகர் எல்லாம் பாக்கறாங்க, காசு இல்லாம. உக்காந்த இடத்துல குறை சொல்றது ஈஸி.

கோவை கண்ணன்:
எட்டு முடிச்சுட்டு சிரிச்சுக்கிட்டே எங்க போறாங்கன்னு நான் சொல்லட்டுமா? நேரா ஓட்டலுக்கு. நெய் ஊத்தின பொங்கல், ரெண்டு வடை, சர்க்கரை தூக்கலா காபி. போன தீபாவளிக்கு வந்தப்ப கண்ணால பாத்தேன்.

அடையாறு வாக்கர்:
எல்லாரும் அப்படி இல்ல. நான் கேப்பங்கூழ்தான் குடிக்கறேன். கோயம்புத்தூர்க்காரங்களுக்கு சென்னைன்னாலே இளக்காரம்.

கோவை கண்ணன்:
கேப்பங்கூழ்னதும் ஞாபகம் வருது. போன மாசம் சிறுதானியத் திரியில நான் கேழ்வரகு நல்லதுன்னு ஒரு வரி சொன்னதுக்கு இதே மாஸ்டர் என்னை "வாட்ஸ்அப் வைத்தியர்"னு எழுதினார். நான் இன்னும் மறக்கல மாஸ்டர்.

பி.டி. மாஸ்டர் (ஓய்வு):
இப்பவும் அதத்தான் சொல்றேன் கண்ணன் தம்பி. கேழ்வரகுல கால்சியம் நிறைய, அரிசிய விட நார் அதிகம், ஒத்துக்கறேன். ஆனா அதுவும் மாவுச்சத்துதான், களிய உருண்டை உருண்டையா உள்ள தள்ளினா சுகர் ஏறத்தான் செய்யும். நீங்க எழுதினது ஒரு வரி இல்ல, "கேழ்வரகு சாப்பிட்டா மாத்திரைய நிறுத்தலாம்"னு எழுதினீங்க, அதான் கோபம் வந்துச்சு. அது கிடக்கட்டும், எட்டுக்கு இன்னும் பதில் வரல.

செல்வி, தன்னார்வலர்:
சார், நான் மக்களைத் தேடி மருத்துவத்துல வேலை பாக்கறேன், வீடு வீடா போயி பி.பி. சுகர் பாத்து மாத்திரை குடுக்கறது. உங்க எட்டு, ஆறு எல்லாம் படிச்சு தலை சுத்துது. எங்க ஊர்ல ஒரு அக்கா, நூறு நாள் வேலைக்குப் போயி மண்ணு சுமந்துட்டு வருது, அதுக்கு சுகர் முந்நூறு. நடக்காததால வந்துச்சா அது? மூணு வேளையும் ரேஷன் அரிசி சோறு, தொட்டுக்க ஊறுகாய் இல்லன்னா கருவாடு. ஒரு நாளைக்கு மொத்தமே அஞ்சு கிராம் உப்புதான்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, அந்தத் தட்டுல ஒரு வேளையிலயே அது முடிஞ்சுரும். காய் வாங்கு அக்கான்னா கிலோ என்ன விலைன்னு நீயே சொல்லுங்குது. நீலகிரி, தருமபுரில 2023ல ரெண்டு கிலோ அரிசிக்குப் பதிலா கேழ்வரகு குடுத்தாங்களே, அத எல்லா ஊருக்கும் குடுங்கன்னு இங்க ஒருத்தராவது எழுதினீங்களா? விடிகாலை அஞ்சு மணிக்கு லைட் இல்லாத ரோட்டுல நாயும் குடிகாரனும் இருக்கறப்ப பொம்பள எப்படி நடப்பா, அதயும் யாரும் கேக்கல.

அடையாறு வாக்கர்:
மேடம் நல்ல வேலை பண்றீங்க, மதிக்கறேன். ஆனா மண்ணு சுமக்கறது வேலை, நடைங்கறது உடற்பயிற்சி, ரெண்டும் வேற. அந்த அக்காவும் எட்டு நடந்தா குறையும்.

செல்வி, தன்னார்வலர்:
நாள் முழுக்க மண்ணு சுமந்துட்டு வந்தவகிட்ட இன்னும் எட்டு கிலோமீட்டர் நடன்னு சொல்ல எனக்கு வாய் வராது சார். நீங்களே வந்து சொல்லுங்க, வீட்ட காட்டறேன்.

பி.டி. மாஸ்டர் (ஓய்வு):
செல்வி கேட்டது சரியான கேள்வி. ஆனா அதுக்கும் மூலம் இந்த எட்டுதான். வாரத்துக்கு 150 நிமிஷம்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, அஞ்சு நாளைக்கு அரை மணி நேரம், அவ்வளவுதான். அரை மணி நேரம்னு போர்டு வச்சா பத்துப் பேர் வருவான், எட்டுன்னு வச்சா பாத்துட்டு திரும்பிப் போயிருவான். எங்க ஊர்ல பாதைன்னு குறிச்ச இடத்துல பாதி டூவீலர் பார்க்கிங். அத சரி பண்ணுங்கன்னு மனு குடுத்தேன், போன மழைக்கு முன்னாடி குடுத்தது, பதில் இல்ல.

டோக்கியோ தமிழன்:
மாஸ்டர், இங்க எட்டு கிலோமீட்டரையும் யாரும் ஒரே மூச்சுல நடக்கறது இல்ல. முடிஞ்ச வரைக்கும் நடப்பாங்க. பாதை நீளம் எட்டு, அவ்வளவுதானே?

அடையாறு வாக்கர்:
அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் நாடே கெட்டுப் போச்சு. முடிஞ்ச வரைக்கும்னா எவனும் தெருமுனையத் தாண்ட மாட்டான். இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் (ஐசிஎம்ஆர்) 2023ல வெளியிட்ட கணக்குல இந்தியாவுல பத்து கோடிப் பேருக்கு மேல சுகர். இலக்குன்னு ஒண்ணு இருக்கணும். எட்டுன்னா எட்டுதான்.

கோவை கண்ணன்:
மாஸ்டர், மாத்திரைய நிறுத்தலாம்னு நான் எழுதவே இல்ல, "குறைக்கலாம்"னுதான் எழுதினேன். பழைய பதிவ எடுத்துப் போடுங்க பாப்போம்.

பி.டி. மாஸ்டர் (ஓய்வு):
டாக்டர் சொல்லாம குறைக்கறதும் தப்புதான் தம்பி. எடுத்துப் போடறேன், நாளைக்கு. வாக்கர் சார், நீங்க இன்னும் எதுக்கு எட்டுன்னு சொல்லல. டோக்கியோல இருந்துச்சுங்கறது பதில் இல்ல.

அடையாறு வாக்கர்:
சொல்லியாச்சு. பத்தாயிரம் அடி.

பி.டி. மாஸ்டர் (ஓய்வு):
யாரோட அடி சார்? உங்க அடியா, செல்வி சொன்ன அந்த அக்காவோட அடியா?

செல்வி, தன்னார்வலர்:
அந்த அக்காவ விடுங்க சார் ரெண்டு பேரும். கேழ்வரகு பத்தி கேட்டேனே, அதுக்கு யாராவது எழுதுங்க.