அட்டை வீட்டில், லைசென்ஸ் கைபேசியில்: வெளிநாட்டில் வாடகைக் கார் மறுப்பது நியாயமா?

சாலைக்குருவி:
போன மாதம் ஒரு வெளிநாட்டு விமான நிலையத்தில் எனக்கு நடந்தது இது. காரை இரண்டு மாதம் முன்பே பதிவு செய்து முழுப் பணமும் கட்டியிருந்தேன். கவுன்டரில் பாஸ்போர்ட்டும் கிரெடிட் கார்டும் பார்த்தார்கள், சரி என்றார்கள். லைசென்ஸ் கேட்டபோது கைபேசியில் டிஜிட்டல் லைசென்ஸைத் திறந்து காட்டினேன். “அட்டை வேண்டும்” என்றார்கள். அட்டை வீட்டு அலமாரியில் இருந்தது. மேலாளரைக் கூப்பிட்டேன், அவரும் அதையே சொன்னார். உரிய ஆவணம் இல்லாமல் வந்த கணக்கில் என் பணமும் போய்விட்டது. வயதான அம்மாவையும் இரண்டு குழந்தைகளையும் வைத்துக்கொண்டு நள்ளிரவில் டாக்சி தேடினேன்.

எனக்கு லைசென்ஸ் கொடுத்தது அரசு. அந்த அரசே அட்டைக்கும் செயலிக்கும் சம மதிப்பு என்று சொல்கிறது. அப்புறம் அதை மறுக்க ஒரு கம்பெனிக்கு என்ன உரிமை? இங்கே உள்ளவர்களின் கருத்து வேண்டும்.

நான்காம்கியர்:
உங்கள் அலைச்சல் புரிகிறது. ஆனாலும் அந்த கவுன்டர்காரர் செய்தது சரி என்பேன். சம மதிப்பு என்று உங்கள் அரசு சொன்னது தன் எல்லைக்குள். எல்லை தாண்டினால் அந்த நாட்டுச் சட்டமும் நாடுகளுக்கிடையிலான ஒப்பந்தமும்தான் பேசும். ஒரு நாட்டு லைசென்ஸை இன்னொரு நாடு ஏற்பதற்கு அடிப்படை சாலைப் போக்குவரத்து பற்றிய 1949 ஜெனீவா ஒப்பந்தமும் 1968 வியன்னா ஒப்பந்தமும். இரண்டும் கையில் பிடிக்கும் ஆவணத்தை மனதில் வைத்து எழுதப்பட்டவை.

நார்வே 2019-இல் டிஜிட்டல் லைசென்ஸ் கொண்டுவந்தது, டென்மார்க் 2020-இல். இரண்டுமே வந்தபோது உள்நாட்டில் மட்டும் செல்லும் என்று சொல்லித்தான் வந்தன. பக்கத்துப் பக்கத்து நாடுகள், நெருங்கிய உறவு. அவர்களுக்கே அப்படி.

மைல்கல்47:
ஐடிபி, அதாவது சர்வதேச ஓட்டுநர் அனுமதி, எடுத்திருந்தால் பிரச்சினை வந்திருக்காதே? அந்தச் சாம்பல் நிறப் புத்தகம்தான் வெளிநாட்டுக்கான லைசென்ஸ் என்று நினைத்திருந்தேன்.

வண்டிச்சாவி:
நான் ஆறு வருடம் வாடகைக் கார் கவுன்டரில் வேலை பார்த்தவள். மைல்கல், நீங்கள் நினைப்பது தவறு. கவுன்டரில் தினமும் ஒருவராவது இதே எண்ணத்தோடு வந்து நிற்பார். ஐடிபி தனி லைசென்ஸ் இல்லை, உங்கள் லைசென்ஸின் மொழிபெயர்ப்பு. மூல லைசென்ஸ் பக்கத்தில் இருந்தால்தான் அதற்கு உயிர். 1949 மாதிரிப் புத்தகம் ஒரு வருடம் செல்லும், 1968 மாதிரி அதிகபட்சம் மூன்று வருடம். எந்த நாடு எதை ஏற்கிறது என்றும் பார்க்க வேண்டும். ஜப்பான் 1949 மாதிரியை மட்டும்தான் ஏற்கும்.

சாலைக்குருவி, கவுன்டருக்கு உள்ளே நின்றால் எப்படி இருக்கும் என்றும் சொல்கிறேன். முன்பின் தெரியாத ஒருவரிடம் புத்தம் புது வண்டியைக் கொடுக்கிறோம். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்பது, ஓட்டியவருக்கு அந்த நாட்டில் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருந்ததா, அதைப் பார்த்தீர்களா என்பதுதான். பார்க்காமல் கொடுத்தால் நஷ்டம் கம்பெனி தலையில். உங்களுக்கும் ஆபத்து உண்டு. கூடுதல் பணம் கட்டி வாங்கிய சேதக் காப்பும் அந்த நேரத்தில் கைவிடலாம். ஒரு திரையை நீட்டினால் அதில் இருப்பது நிஜச் செயலியா, அதைப்போல வரைந்த படமா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல எனக்கு வழியே இல்லை. அட்டையில் எழுத்தின் மேடு பள்ளத்தைத் தடவிப் பார்க்கலாம், சாய்த்து ஹாலோகிராம் மின்னுகிறதா என்று பார்க்கலாம்.

சாலைக்குருவி:
போலி அட்டைகளும் ஊர் முழுக்கச் சுற்றுகின்றனவே. டிஜிட்டலில் அரசின் கையொப்பமே இருக்கிறது. எது பாதுகாப்பு?

நான்காம்கியர்:
எந்த டிஜிட்டல் என்பதைப் பொறுத்தது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 2019-இல் தொடங்கிய செயலியை 2022-இல் ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் அலசினார். கைபேசியில் இருந்த தகவலைக் காத்தது வெறும் 4 இலக்க ரகசிய எண் (PIN). சில நிமிடத்தில் அதை உடைத்து விவரங்களை மாற்ற முடியும் என்று காட்டினார். வெளிநாடு போகும்போது அட்டையையும் கொண்டுபோகச் சொல்வது அந்த மாநில அரசேதான்.

பைட்டுக்கடல்:
அந்த உதாரணத்தை வைத்து டிஜிட்டல் லைசென்ஸ் எல்லாமே அப்படித்தான் என்று முடிவுகட்டுவதை ஏற்க மாட்டேன். நான் அடையாளத் தொழில்நுட்பத்தில் வேலை செய்கிறேன். நியூ சவுத் வேல்ஸ் அன்று செய்தது தனக்கென ஒரு வடிவமைப்பு. இதற்கென்றே ஐஎஸ்ஓ 18013-5 என்ற உலகத் தரம் 2021-இல் வெளியானது. அதில் திரையைப் பார்த்து யாரும் நம்ப வேண்டியதில்லை. உங்கள் கைபேசியும் கவுன்டரில் உள்ள ரீடர் கருவியும் க்யூஆர் குறியீடு அல்லது என்எஃப்சி (அருகில் வைத்தால் இணையும் குறுந்தூரத் தொடர்பு) மூலம் தொடர்பு பிடித்து நேரடியாகப் பேசும். வழங்கிய துறையின் டிஜிட்டல் கையொப்பத்தை ரீடரே சரிபார்க்கும். பிறந்த தேதியில் ஓர் எண்ணை மாற்றினாலும் கையொப்பம் பொருந்தாது. கைபேசியில் இணையம் தேவையில்லை, அதை யார் கையிலும் கொடுக்கவும் தேவையில்லை. கேட்ட விவரத்தை மட்டும் கொடுக்கலாம். அட்டையை நகல் எடுக்கும் கவுன்டரில் உங்கள் முகவரியும் சேர்ந்தே போய்விடுகிறது, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

வண்டிச்சாவி:
நான் வேலை பார்த்த எந்தக் கிளையிலும் அந்த ரீடரைக் கண்ணால் கண்டதில்லை. ரீடர் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். ஒரு தொலைதூர நாட்டுத் துறையின் கையொப்பம் உண்மைதான் என்று அதற்கு எப்படித் தெரியும்?

பைட்டுக்கடல்:
சரியான இடத்தில் கை வைத்தீர்கள். அந்தத் துறையின் பொதுச் சாவி, அதாவது கையொப்பத்தைச் சரிபார்க்க உதவும் டிஜிட்டல் குறியீடு, ரீடரிடம் இருக்க வேண்டும். வட அமெரிக்காவில் மாநிலங்களின் சாவிகளை ஒரே இடத்தில் திரட்டித் தரும் பட்டியல் இருக்கிறது. உலகம் முழுவதற்கும் அப்படி ஒன்று இன்னும் அமையவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2025-இல் புதிய விதியை ஏற்றது; 2030 வாக்கில் அங்கே ஒரு நாட்டின் கைபேசி லைசென்ஸ் மற்ற உறுப்பு நாடுகளிலும் செல்ல வேண்டும். அங்கேயும் ஓட்டுநர் தனக்கு அட்டை வேண்டும் என்று அரசிடம் கேட்டு வாங்கும் உரிமையை எடுத்துவிடவில்லை.

மைல்கல்47:
பிரிட்டனில் லைசென்ஸ் விவரத்தை இணையத்திலேயே பார்க்கிறார்களே? என் உறவினர் வண்டி எடுக்க ஒரு குறியீடு கொடுத்தார்.

நான்காம்கியர்:
அங்கே அட்டையோடு சேர்த்துக் கொடுத்துவந்த காகித இணைப்பை 2015-இல் ஒழித்தபோது வந்த முறை அது. குறியீடு 21 நாள் செல்லும். அபராதப் புள்ளிகள் எத்தனை என்று கம்பெனி அதை வைத்துப் பார்த்துக்கொள்ளும். கூடவே அட்டையையும் கேட்பார்கள். உங்கள் உறவினர் அட்டையையும் காட்டியிருப்பார், கேட்டுப் பாருங்கள்.

சாலைக்குருவி:
கேட்டுக்கொண்டேன். ஒப்பந்தமும் சாவிப் பட்டியலும் இல்லாமல் கவுன்டரில் இருப்பவர் தானாக முடிவெடுக்க முடியாது. கம்பெனிக்கு என்ன உரிமை என்று முதலில் எழுதியது கோபத்தில் வந்தது, அதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் ஒன்றை விட மாட்டேன். முன்பதிவின்போது லைசென்ஸ் எண், காலாவதித் தேதி, படம் எல்லாம் கேட்டார்கள். நான் கொடுத்தது செயலியின் ஸ்கிரீன்ஷாட். பெற்றுக்கொண்டு “சரிபார்க்கப்பட்டது” என்று பதில் அனுப்பினார்கள். அந்த இடத்திலேயே “அட்டை கட்டாயம்” என்று இரண்டு சொல் எழுதியிருந்தால் அலமாரியைத் திறந்து எடுத்து வந்திருப்பேன். நிபந்தனைகளின் நடுவில் பொடி எழுத்தில் இருந்ததாம்.

வண்டிச்சாவி:
இதில் நான் முழுக்க உங்கள் பக்கம். படத்தை ஏற்றுக்கொண்டு சரிபார்த்தோம் என்று எழுதியவர்கள், கவுன்டரில் வந்து ஆவணமே இல்லை என்று சொல்லக்கூடாது. அந்த மின்னஞ்சலை இணைத்துப் புகார் எழுதுங்கள். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் வங்கியிலும் ஆட்சேபம் எழுப்புங்கள், அதற்குக் கெடு உண்டு, தள்ளிப்போடாதீர்கள். முழுதும் கிடைக்காவிட்டாலும் ஒரு பகுதி திரும்பியதை நான் வேலையில் இருந்தபோது பார்த்திருக்கிறேன்.

நான்காம்கியர்:
புகாரில் பணம் திரும்பலாம், அதை மறுக்கவில்லை. அதற்காக ஸ்கிரீன்ஷாட்டை நம்பி வண்டி கொடுத்திருக்க வேண்டும் என்று ஆகாது.

சாலைக்குருவி:
அப்படி இனி கேட்க மாட்டேன். மின்னஞ்சலைத் தேடி எடுத்துவிட்டேன், இன்று இரவே எழுதுகிறேன். பதில் வந்ததும் இங்கேயே போடுகிறேன்.