டீப் ராக் கேலக்டிக்: ஹாசர்ட் 4-இல் பாதி மிஷனிலேயே தோட்டா காலி, எங்கே தப்பு?

குகைவாசி (கேள்வி)

வணக்கம் நண்பர்களே. டீப் ராக் கேலக்டிக் (குகையில் தாது தோண்டிக்கொண்டே பூச்சிகளோடு சண்டையிடும் வீடியோ கேம்) ஆடுகிறோம். நாலு பேர் குழு, ஒரு கிளாஸுக்கு (பாத்திர வகைக்கு) ஒருவர். ஹாசர்ட் (கடின நிலை) 3 சிரமம் இல்லாமல் முடிகிறது. 4-க்கு ஏறினால் இரண்டாவது ஸ்வார்ம் (பூச்சிகளின் கூட்டத் தாக்குதல்) வரும்போதே எல்லோரிடமும் தோட்டா தீர்ந்துவிடுகிறது. ரீசப்ளை (தோட்டா நிரப்பும் பெட்டி) கூப்பிடப் போனால் அதற்கு வேண்டிய தாதுவான நைட்ரா 40, 50-இல் நிற்கிறது. கூப்பிட முடிந்தாலும் அதற்குள் இரண்டு பேர் விழுந்து கிடக்கிறார்கள்.

கையில் இருப்பவை: ஸ்கவுட்டிடம் எம்1000, பூம்ஸ்டிக். இன்ஜினியரிடம் வார்த்தாக், பிஜிஎல் (கிரெனேட் லாஞ்சர்). கன்னரிடம் லெட் ஸ்டார்ம் (மினிகன்), புல்டாக். டிரில்லரிடம் ஃபிளேம்த்ரோவர், சுபாட்டா. துப்பாக்கி மாட்களை (மேம்பாடுகளை) மாற்ற வேண்டுமா, ஓவர்கிளாக் (துப்பாக்கிக்கான சிறப்பு மேம்பாடு) தேட வேண்டுமா, இல்லை விளையாடும் முறையே தப்பா? மிஷன்களில் மைனிங் எக்ஸ்பெடிஷனும் (தாது சேர்ப்பது), எலிமினேஷனும்தான் (டிரெட்நாட் என்ற பெரிய பூச்சிகளைக் கொல்வது) அதிகம் ஆடுகிறோம்.

---

தோட்டாமிச்சம்

துப்பாக்கியில் கோளாறு இல்லை. நீங்கள் சொன்ன அத்தனையும் ஓவர்கிளாக் இல்லாமலே ஹாசர்ட் 5 வரை தாங்கும். கோளாறு நைட்ரா கணக்கில்.

ஒரு ரீசப்ளைக்கு 80 நைட்ரா. அந்தப் பெட்டியில் (பாட்) 4 தட்டுகள், ஒவ்வொன்றும் ஒருவருக்கு அதிகபட்ச அளவில் பாதியைத் திருப்பித் தரும். துப்பாக்கிக்கு மட்டுமல்ல, கிரெனேட், பிளாட்ஃபார்ம், டிரில் எரிபொருள், ஃபிளேர் கன் எல்லாவற்றுக்கும் அதே பாதிதான். ஆகவே 70 சதவீதம் தோட்டா வைத்திருப்பவர் தட்டை எடுத்தால் 20 சதவீதம் வீண். கன்னர் காய்ந்து கிடக்கிறார் என்பதற்காக நால்வரும் ஓடிப்போய் எடுக்க வேண்டியதில்லை. பாட் எங்கும் போய்விடாது. அவரவர் பாதிக்குக் கீழே வரும்வரை அங்கேயே நிற்கட்டும், தேவைப்படும்போது திரும்பி வந்து எடுங்கள். அடுத்தவர் தட்டை எடுக்காமல் இருந்தால் போதும். இந்த விளையாட்டில் சண்டையே அதில்தான் கிளம்பும்.

அடுத்தது, உங்கள் பையில் இருக்கும் நைட்ரா கணக்கில் வராது. மோலியில் (தாது சுமக்கும் ரோபோ) போட்டால்தான் குழுவுடையது. நாலு பேர் ஆளுக்கு 20 வைத்துக்கொண்டு சுற்றினால் கையில் சரியாக ஒரு ரீசப்ளை இருக்கிறது, ஆனால் திரையில் பூஜ்யம். "நைட்ரா 50-இல் நிற்கிறது" என்கிறீர்களே, அடுத்த முறை அப்படி நிற்கும்போது நால்வரும் பையைப் பாருங்கள்.

வரிசையையும் மாற்றுங்கள். புதுக் குகைக்குள் நுழைந்ததும் முதலில் வெளிச்சம், பிறகு நைட்ரா, அதற்குப் பிறகுதான் மார்க்கைட் (மிஷனுக்குத் தேவையான தாது). மார்க்கைட் எங்கும் ஓடிவிடாது. தங்கம் கடைசி. ஸ்வார்ம் அறிவிப்பு வரும்போது மோலியில் 80-ஆவது இருக்க வேண்டும். நீங்களாகத் தூண்டிவிடும் சண்டை என்றால் (டிரெட்நாட் இருக்கும் கக்கூனை உடைப்பது, முட்டை பிடுங்குவது, அப்லிங்க் தொடங்குவது) 160 சேரும்வரை கை வைக்கவே வேண்டாம்.

---

சுரங்கப்பூனை

மேலே சொன்னது சரி. ஆனால் அந்த நைட்ராவை யார் எடுப்பது என்பதுதான் நடைமுறைச் சிக்கல். பாதி நைட்ரா கூரையிலும் செங்குத்துச் சுவரிலும் இருக்கும். ஸ்கவுட் கிராப்ளிங் ஹூக்கில் தாவிப் போனாலும் நிற்க இடம் இல்லாமல் கீழே விழுவார். இன்ஜினியர் தாதுவுக்கு அடியில் ஒரு பிளாட்ஃபார்ம் சுட வேண்டும். ஸ்கவுட் லேசர் பாய்ன்டரால் குறி வைப்பார், இன்ஜினியர் சுடுவார், ஸ்கவுட் தாவி ஏறுவார். பேசவே தேவையில்லை. இங்கே நடக்கும் தப்பு, பிளாட்ஃபார்மைத் தாதுவின் மேலேயே அப்பிவிடுவது. அப்புறம் அதையும் தோண்டிக்கொண்டிருக்க வேண்டும். தாதுவுக்கு ஓர் ஆள் உயரம் கீழே குறிவையுங்கள்.

கூரை தெரிந்தால்தானே தாது தெரியும்? ஸ்கவுட்டின் ஃபிளேர் கன் கூரைக்கும் தூரத்துச் சுவருக்கும். மற்ற மூவரும் கையால் எறியும் ஃபிளேர் தரைக்கு. அது தானாக நிரம்பும், கஞ்சப்பட வேண்டாம். அதே வெளிச்சத்தில் கூரையில் தொங்கும் கேவ் லீச்சும் தெரிந்துவிடும். ஸ்கவுட் நைட்ராவுக்குப் போய்த் திரும்பாததற்குப் பாதிக் காரணம் அதுதான்.

இனி தோட்டா வீணாவது. உங்கள் பட்டியலைப் பார்த்துச் சொல்கிறேன்:

எம்1000 கூட்டத்தைச் சுடும் துப்பாக்கி அல்ல. ஸ்கவுட் சாதாரணப் பூச்சிகளான கிரன்ட்களைச் சுட்டுக்கொண்டிருந்தால் இரண்டு ஸ்வார்மில் காலிதான். அவர் வேலை தூரத்தில் இருந்து துப்பும் வெப் ஸ்பிட்டர், ஆசிட் ஸ்பிட்டர், மெனஸ், ஆளைத் தூக்கிப் போகும் கிராப்பர், கூட்டத்துக்குக் கவசம் கொடுக்கும் வார்டன். வார்டனை முதலில் வீழ்த்தாவிட்டால் மற்ற மூவர் சுடும் தோட்டாவில் ஒரு பகுதி கவசத்திலேயே போய்விடும். பறக்கும் மேக்டெரா கூட்டம் வந்தால் ஒரு கிரையோ கிரெனேட் போதும், உறைந்து கீழே விழுந்தே சாகும்.

லெட் ஸ்டார்முக்கு அடிப்படையில் 2400 தோட்டா. கேட்கப் பெரிதாக இருக்கும். விரலை எடுக்காமல் அழுத்தினால் சூடேறி நின்றுவிடும், அதற்குள் பாதி குறி தவறிப் போயிருக்கும். ஒன்றிரண்டு வினாடிகளுக்குச் சுட்டு விடுங்கள், மறுபடி சுடுங்கள்.

ஃபிளேம்த்ரோவரைப் பூச்சியின் முகத்தில் அடிக்காதீர்கள், தரையில் அடியுங்கள். ஸ்டிக்கி ஃபிளேம்ஸ் மாட் போட்டிருந்தால் குறுகலான வாயிலில் குறுக்கே ஒரு கோடு இழுத்தால் போதும், கடந்து வருவதெல்லாம் தானாகப் பற்றிக்கொள்ளும். எரிகிற பூச்சியை மறுபடி சுடாமல் இருப்பதும் ஒரு கலை, நால்வருக்கும் அது வர வேண்டும்.

பிஜிஎல் பத்துப் பூச்சி சேர்ந்து வரும்போது மட்டும். ஒற்றை ஸ்லாஷருக்கு குண்டு போடுவது, நண்பர் காலடியில் போடுவது, இரண்டும் ஒன்றுதான்.

ஸ்வார்மர் குட்டிகளுக்குத் தோட்டாவே வேண்டாம். பிக்காசு இருக்கிறதே.

---

நாலாம்_தட்டு

எல்லாம் சரி, ஆனால் எங்கே நின்று சண்டை போடுகிறீர்கள் என்று யாருமே கேட்கவில்லை. பெரிய குகையின் நடுவில் நின்றால் எட்டுத் திசையிலும் வரும், கூரையிலும் வரும். தோட்டா தீர்வது அங்கேதான்.

டிரில்லர் சுவரில் நாலைந்து ஆள் நீளத்துக்கு ஒரு சுரங்கம் குடையட்டும். எல்லோரும் உள்ளே. பூச்சிகளுக்குத் தோண்டத் தெரியாது, ஆகவே ஒரே வாய் வழியாகத்தான் வந்தாக வேண்டும். டிரில்லரின் தீயும் கன்னரின் மினிகன்னும் அந்த வாயைப் பார்த்தால் ஸ்வார்ம் பாதித் தோட்டாவில் முடியும்.

---

சுரங்கப்பூனை

நாலாம்_தட்டு ப்ரோ, பாதிதான் ஒத்துக்கொள்கிறேன். ஒற்றை வாய்ச் சுரங்கம் பிரிட்டோரியன் வரும்வரை நல்லது. அது வாயில் வந்து நின்று ஆசிட் துப்பினால் ஒதுங்க இடம் இல்லை. முன்பக்கம் முழுக்க ஓடு, பலவீனம் பின்னால் வயிற்றில், சுரங்கத்துக்குள் இருந்துகொண்டு பின்னால் எப்படிப் போவது? அதைக் கொன்றாலும் விஷப்புகை விட்டுச் சாகும், அந்தப் புகை நேராக உள்ளே. ஒப்ரெஸர் வந்தால் இன்னும் மோசம், முன்னால் எவ்வளவு சுட்டாலும் வீண். பல்க் டெட்டனேட்டர் வந்தால் சொல்லவே வேண்டாம், வெடிப்பில் சுரங்கமே இருக்காது.

சுரங்கம் குடையுங்கள், ஆனால் பின்னால் இன்னொரு வழியும் இருக்கட்டும். அந்தப் பின்வழியை இன்ஜினியர் பிளாட்ஃபார்மால் மூடலாம். ரிப்பெல்லன்ட் மாட் போட்டிருந்தால் பூச்சிகள் அதைத் தவிர்த்து வேறு வழி தேடும். ஆபத்து வந்தால் பிக்காசால் உடைத்துக்கொண்டு வெளியேறலாம். சுரங்கம் பிடிக்காதவர்களுக்கு, முதுகைச் சுவரில் வைத்துக்கொண்டு சற்றுத் தூக்கலான மேடு போதும். இன்ஜினியர் டரட்டை (தானாகச் சுடும் துப்பாக்கி) ஆட்களுக்கு முன்னால் வைக்காமல் பக்கவாட்டில் வைத்தால் பிரிட்டோரியன் உங்களைப் பார்த்துத் திரும்பும்போது டரட் அதன் பின்பக்கத்தைச் சுடும்.

ரீசப்ளை பாட் எங்கே இறங்குகிறது என்பதும் இதில் சேரும். நிற்கப் போகும் இடத்துக்கு நாலு எட்டில் இருக்க வேண்டும், பூச்சிகள் வரும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம். கூப்பிட்டதும் வந்துவிடாது, கூரையைத் துளைத்து இறங்கச் சில வினாடிகள் ஆகும். அடியில் நிற்பவர் நசுங்குவார். அதே காரணத்தால் பிரிட்டோரியன் தலையில் இறக்கினால் அதுவும் நசுங்கும், ஆனால் 80 நைட்ராவை அதற்கென்று செலவழிக்காதீர்கள்.

---

குகைவாசி

மிக்க நன்றி. பையில் வைத்துக்கொண்டே சுற்றுவது எங்கள் குழுவின் பழக்கம்தான், ஒத்துக்கொள்கிறேன். இரண்டு சந்தேகம். ஒன்று, விழுந்தவரை எழுப்பப் போகிறவரும் விழுகிறாரே, அதற்கு என்ன வழி? இரண்டு, டிரெட்நாட். அதன் மேல்தான் அதிகத் தோட்டா போகிறது.

---

தோட்டாமிச்சம்

எழுப்புவது பற்றி: முதலில் சுற்றி இருப்பதைச் சுத்தம் செய்யுங்கள், பிறகு எழுப்புங்கள். விழுந்தவர் அங்கேயேதான் கிடப்பார், அவசரம் இல்லை. எழுப்புகிறவர் அசையாமல் நிற்க வேண்டும் என்பதால்தான் அவரும் விழுகிறார். கன்னரின் ஷீல்டை இதற்கென்றே ஒன்றாவது மிச்சம் வையுங்கள், விழுந்தவர் மேல் எறிந்துவிட்டு உள்ளே போய் எழுப்பலாம். ஃபீல்ட் மெடிக் பெர்க் (சிறப்புத் திறன்) இருப்பவர் மிஷனில் ஒரு முறை நொடியில் எழுப்பிவிடுவார். நால்வருமே விழுந்துவிட்டால் காப்பது அயர்ன் வில் என்ற பெர்க். அதில் தானாக எழுந்தால் கிடைப்பது சில வினாடிகள்தான், அதற்குள் ரெட் ஷுகர் (குகையில் கிடைக்கும் சிவப்புச் சர்க்கரை) போல ஏதாவது ஒன்றில் உடல்நலம் ஏற்றாவிட்டால் மறுபடி விழுவீர்கள். ஆகவே ரெட் ஷுகரைக் கண்ட இடத்தில் எல்லாம் தோண்டித் தின்றுவிடாமல் சண்டை போடப் போகும் குகையில் கொஞ்சம் விட்டுவையுங்கள்.

டிரெட்நாட்: கக்கூன் நீங்கள் சுடும்வரை திறக்காது. இது பெரிய சலுகை, பலர் பயன்படுத்துவதே இல்லை. முதலில் குகை முழுக்க வெளிச்சம், நைட்ரா 160, ஓட நல்ல சமதளம், குழிகளுக்கு மேல் பிளாட்ஃபார்ம், கன்னரின் ஜிப்லைன் குறுக்கே ஒன்று. டரட்கள் தயாரா என்று பார்த்த பிறகு உடையுங்கள்.

சாதாரண டிரெட்நாட்டுக்குப் பலவீனம் பின்னால் வயிறு. யாரைத் துரத்துகிறதோ அவர் சுடத் தேவையில்லை, வட்டமாக ஓடினால் போதும், மற்ற மூவருக்கும் பின்பக்கம் தெரியும். நால்வரும் முன்னால் நின்று சுடுவதால்தான் உங்கள் தோட்டா அங்கே போகிறது.

இரட்டை டிரெட்நாட்கள், அதாவது ஆர்பலெஸ்டும் லாசரேட்டரும், வந்தால் ஒன்றை மட்டும் குறிவைத்து முடிக்கப் பார்க்காதீர்கள். இரண்டும் சேர்ந்து உயிரைச் சமன் செய்துகொள்ளும், நீங்கள் குறைத்தது திரும்ப ஏறிவிடும். இரண்டையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைத்து வாருங்கள். ஹைவ்கார்ட் என்ற இன்னொரு வகை டிரெட்நாட் வந்தால் அது எழுப்பும் சென்டினல்கள் சாகும்வரை அதன் மேல் ஒரு தோட்டாவும் வேலை செய்யாது. அந்த நேரத்தில் அதைச் சுடுகிறவரிடம் இருந்து துப்பாக்கியைப் பிடுங்கலாம்.

---

நாலாம்_தட்டு

பின்வாசல் விஷயம் சரி, சுரங்கப்பூனை. திருத்திக்கொள்கிறேன்.

பல்க் டெட்டனேட்டர் பேச்சு வந்ததால் ஒன்று. அதே சாயலில், தங்க நிறத்தில் ஒன்று அபூர்வமாக வரும், கிராஸஸ் டெட்டனேட்டர். அது வெடித்த பள்ளத்தின் சுவர் முழுக்கத் தங்கமாக மாறும். திறந்த வெளியில் வெடித்தால் தரையில் ஒரு கிண்ணம் அளவுதான். டிரில்லர் குடைந்த குறுகலான சுரங்கத்துக்குள் இழுத்துக்கொண்டு போய்க் கொன்றால் நாலு பக்கமும் தங்கம். இழுத்துப் போகிறவர் ஸ்கவுட்டாக இருக்கட்டும், ஹூக்கில் தப்ப அவரால்தான் முடியும்.

பிறகு, வெளியேறும்போது. பட்டன் அழுத்தினால் நம்மை ஏற்றிப் போகும் பாட் கிளம்ப 5 நிமிடம். அழுத்துவதற்கு முன்பே தட்டுகளில் மிச்சம் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், மிஷன் முடிந்தபின் நைட்ராவைச் சேர்த்து வைத்து ஒன்றும் ஆகாது. வழி தெரியாவிட்டால் மோலியைப் பின்தொடருங்கள், அது அந்தப் பாட் இருக்கும் இடத்துக்குத்தான் போகும். செங்குத்தாக ஏறினால் டிரில்லர் நேர்க்கோட்டில் குடையலாம், ஆனால் எரிபொருள் பார்த்துக்கொள்ளுங்கள். டிரில் காய்ந்து பாதிவழியில் சுவருக்குள் மாட்டிக்கொண்ட குழு நிறைய. ஒருவர் பாடில் ஏறிவிட்டால் மிஷன் வெற்றி, ஆகவே மூன்று பேர் விழுந்து கிடந்து 30 வினாடிதான் இருக்கிறது என்றால் எழுப்பத் திரும்பாதீர்கள், ஏறுங்கள்.

---

குகைவாசி

நைட்ரா 160 சேர்த்த பிறகுதான் கக்கூன் என்று குழுவில் பேசி முடித்தாயிற்று. கன்னர் மட்டும் "ஷீல்டை எனக்கென்று வைத்துக்கொள்ளக் கூடாதா" என்கிறார்.

---

சுரங்கப்பூனை

ஸ்கவுட் விழும்வரை வைத்துக்கொள்ளட்டும். அதிக நேரம் ஆகாது.