பழைய 1613 டாடா லாரி: கியர் பாக்ஸ், ஹவுசிங் கழட்டி வைக்கலாமா, எடைக்குப் போடலாமா?

கேள்வி: ஆயுள் முடிந்த வண்டி. சேஸ் (அடிச்சட்டம்) எடைக்குப் போகுது. கியர் பாக்ஸ், ஜாயிண்ட் ஷாஃப்ட் (கியர் பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோற தண்டு), பின் ஹவுசிங் (பின் அச்சுக் கூடு) மட்டும் தனியா எடுத்து வைக்கலாமான்னு யோசனை. எதைப் பார்த்து முடிவு பண்றது?

பதில் 1: முதல்ல கியர் பாக்ஸ், ஹவுசிங் ஆயிலை இறக்கி காந்தம் போட்டுப் பாருங்க. சாம்பல் நிறத்தில் மை மாதிரி ஒட்டினா சாதாரணத் தேய்மானம். செதில் செதிலா வந்தா பல் உரியுது, கட்டாயம் பிரிச்சுப் பார்க்கணும். ஹவுசிங்கில் இருக்கும் கிரவுனும் (பெரிய பல் சக்கரம்) பினியனும் (அதைச் சுத்துற சின்ன பல் சக்கரம்) ஜோடியா உரசிப் பொருத்தினது. ஒண்ணு போனா ரெண்டுமே எடைக்குத்தான். ஆக்சில் ஷாஃப்ட்டில் (சக்கரத்தைச் சுத்துற தண்டு) ஸ்பிளைன் கோடு, அதாவது முனையில் நீளவாக்கில் வெட்டின பல் வரிசை, நேரா இருக்கணும். முறுக்கிப் போயிருந்தா வைக்காதீங்க, லோடுல துண்டாயிடும். விரிசல் சந்தேகம்னா மண்ணெண்ணெய் தடவி, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, துடைச்சு, சாக்பீஸ் பொடி தூவுங்க. விரிசல் இருந்தா ஈரக்கோடா தெரியும்.

பதில் 2: அண்ணன் சொன்னது சரி. கியர் பாக்ஸில் நான் முதல்ல பார்ப்பது அதோட வெளிக்கூட்டைத்தான். பேரிங்கோட வெளி வளையம் கூட்டுக்குள்ளே சுழன்று, அது உட்காரும் துளை பெருத்திருந்தா, புது பல் சக்கரம் போட்டும் சத்தம் நிக்காது. ஜாயிண்ட் ஷாஃப்ட்டில் கிராஸ் (இணைப்பில் இருக்கும் சிலுவை வடிவத் துண்டு) தேய்ஞ்சா மாத்திக்கலாம், செலவு கம்மி. யோக் (கிராஸைப் பிடிக்கிற கவட்டை) துளை நீள்வட்டமானாலோ ஷாஃப்ட் குழாய் நசுங்கியிருந்தாலோ எடைக்குப் போடுங்க. ஜாயிண்ட் ஷாஃப்ட்டைப் பிரிக்கும் முன்னே, ஒண்ணுக்குள்ளே ஒண்ணு நுழையும் ரெண்டு பாகத்திலும் நேர்க்கோடு குறிங்க. ஸ்பிளைன் மாறி ஏத்தினா வண்டி அதிரும்.

பதில் 3: எடைக்குப் போகும் பாக்ஸா இருந்தாலும் பித்தளை சின்க்ரோ வளையங்களை (கியர் சத்தமில்லாம விழ உதவுற வளையங்கள்) தனியா எடுத்துடுங்க, இரும்பு விலைக்குக் கொடுக்காதீங்க. பழைய கிளட்ச் தூசியை ஏர் அடிக்காதீங்க. ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், ஈரத்துணியால துடைங்க.