மறு: பித்தப்பைப் புற்று: ‘ஸ்டேஜிங்’ தமிழில்?

அன்புள்ள குழுவினருக்கு,

நோயாளிகளுக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. புற்று உடலில் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று கணிக்கும் ‘ஸ்டேஜிங்’ என்ற இந்த ஒரு சொல்லுக்குத் தமிழ் மட்டும் நிற்கிறது.

> ‘நிலைப்படுத்தல்’ என்றே வைக்கலாம். இலக்கணத்தில் குறையில்லை.

இலக்கணத்தில் இல்லை ஐயா, பொருளில்தான் இடிக்கிறது. “உங்கள் புற்றுநோய் இரண்டாவதாக நிலைப்படுத்தப்பட்டுள்ளது” என்று வரைவை வீட்டில் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். “அப்போ இனி வளராதா?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பிறகு எனக்கு அந்தச் சொல்லை எழுதக் கை வரவில்லை.

> ‘பருவம்’? அரும்பி, போதாகி, மலரும் நோயைக் குறளே (1227) காட்டுகிறதே.

அருமையான குறள். ஆனால் அது பிரிவின் நோய், பொழுதோடு வளர்வது. இங்கே அளப்பது பொழுதை அல்ல, இடத்தை. புற்று பித்தப்பையின் உட்சவ்வை அடுத்த மெல்லிய இணைப்புத்திசுவோடு நின்றால் டி1ஏ (‘டி’ என்பது கட்டி எவ்வளவு ஆழம் புகுந்தது என்பதற்கான குறி). தசை அடுக்குக்குள் புகுந்தால் டி1பி. முன்னதற்குப் பையை எடுப்பதே பெரும்பாலும் போதும். பின்னதற்கு, உடல் தாங்குமென்றால், ஒட்டியுள்ள கல்லீரல் பகுதியையும் நிணநீர்க்கணுக்களையும் சேர்த்து எடுப்பார்கள். கல்லுக்காகப் பையை எடுத்தபின் தற்செயலாகப் புற்று தெரியவரும்போது, மறு அறுவை வேண்டுமா என்பதை அந்த மெல்லிய அடுக்குதான் சொல்கிறது.

தசையைத் தாண்டினால் டி2. அதையும் 2018இல் நடைமுறைக்கு வந்த, ஏஜேசிசி என்ற அமெரிக்கப் புற்றுநோய்க் கூட்டுக்குழுவின் ஸ்டேஜிங் கையேட்டு எட்டாம் பதிப்பு இரண்டாக்கியது: வயிற்றறைப் பக்கம் டி2ஏ, கல்லீரல் பக்கம் டி2பி. ஆழம் ஒன்றே, பக்கம் வேறு. இதில் பருவம் எங்கே? கண்டறிந்தபோது குறித்த ஸ்டேஜ், நோய் பிறகு பரவினாலும் பொதுவாக மாற்றி எழுதப்படுவதில்லை. பருவமோ மாறிக்கொண்டே இருப்பது.

> ‘கட்டம்’ வேண்டாம், அது ‘கஷ்டம்’.

நஷ்டம் நட்டமானதுபோல் கஷ்டம் கட்டமானது உண்டு. சதுரங்கக் கட்டம் அதுவல்ல. வேர்ச்சொல்லுக்குத் தனி இழை தொடங்குங்கள், வருகிறேன். கட்டத்திலும் காலம் ஒட்டியிருக்கிறது என்பதே என் தயக்கம்.

‘பரவல்நிலை’, ‘பரவல்நிலை கணித்தல்’ இரண்டுக்கும் இதுவரை நான்கு பேர் ஆதரவு. ‘தரம்’ என்பதை உயிரணுக்களின் தோற்றத்தை, அதாவது ‘கிரேடை’க் குறிக்க ஒதுக்கிவிட்டோம். “பரவாத புற்றுக்கும் பரவல்நிலையா?” என்று மருத்துவ அம்மையார் கேட்டது நியாயம், என்னிடம் விடை இல்லை. முதல் பக்கத்தில் மட்டும் “பரவல்நிலை, அதாவது ஸ்டேஜ்” என்று எழுதிவிடுகிறேன். வியாழன் இரவுக்குள் இதைவிடப் பொருந்தும் சொல் வந்தால் மாற்றத் தயார்.